ரிசீவரின் முதுகைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மயிலாப்பூர் வீட்டில் அப்பாவுக்கு 74 வயது. அவருடைய பழைய ஸ்டீரியோ செட் இனிப் பழுது பார்க்க முடியாத நிலைக்குப் போய்விட்டது. கையில் இருப்பவை எண்பது எல்.பி. ரெக்கார்டுகள், ஏழெட்டுக் கனமான பழைய தட்டுகள், தங்கை வாங்கித் தந்த ஆடியோ-டெக்னிகா எல்.பி.60எக்ஸ் டர்ன்டேபிள் (ரெக்கார்டைச் சுழற்றிப் பாட வைக்கும் கருவி), ஒரு தொலைக்காட்சி, கைபேசி. காலையில் எழுந்ததும் அவருக்கு வானொலி வேண்டும். ஹால் 12-க்கு 14 அடி. ஸ்பீக்கரையும் சேர்த்து 60,000 ரூபாய் வரை செலவிடலாம். கடைக்காரர் 5.1 ஹோம் தியேட்டர் எடுக்கச் சொல்கிறார். அண்ணன் அடுத்த மாதம் நியூ ஜெர்சியிலிருந்து வரும்போது ஒரு ரிசீவர் (வானொலியும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி) வாங்கி வருவதாகச் சொல்கிறார். எதை வாங்கினாலும், யாரையும் கூப்பிடாமல் அப்பா தானே போட்டுக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சாதாரண இரண்டு சேனல் ஸ்டீரியோ ரிசீவர் ஒன்றை இங்கேயே வாங்குங்கள். ஹோம் தியேட்டர் வேண்டாம். அண்ணனிடம் பெட்டி வாங்கி வரச் சொல்ல வேண்டாம். காரணங்களைச் சற்று நீட்டியே சொல்கிறேன். நான் முப்பது ஆண்டுகளாக ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து மூடி வருகிறேன். என் மேசைக்கு வரும் பெட்டிகளில் பாதி பழுதாகி வருபவை அல்ல. வீட்டுக்குப் பொருந்தாமல் வருபவை.

கடைக்குப் போனால் எல்லோரும் ரிசீவரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கறுப்புத் தகடு, பெரிய வால்யூம் குமிழ், ஒளிரும் எழுத்துகள். நீங்கள் அதைத் திருப்பி முதுகைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அங்கே ஒரு துளை இருக்கிறதா என்று விரலை வைத்து எண்ணுங்கள். இன்றைக்கு நல்ல பெயருள்ள நிறுவனங்கள் செய்யும் சாதாரண ரிசீவர்களில், ஒரே அளவு ஒலியில் வைத்துக் கேட்டால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் காதுக்குத் தெரியும் வேறுபாடு மிகக் குறைவு. ஸ்பீக்கரை மாற்றினால் வீடே மாறியதுபோல இருக்கும். ஸ்பீக்கரை இரண்டடி நகர்த்தினாலே தெரியும். ஆகவே ரிசீவரைத் துளைகளையும் குமிழ்களையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இசைக்கென்று ஒதுக்கிய பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

ரிசீவர் என்றால் என்ன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் இந்தப் பெயரைக் கண்டபடி பயன்படுத்துகிறார்கள். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், எந்தக் கருவியின் ஒலி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பகுதி, வானொலி டியூனர் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது ரிசீவர். டியூனர் இல்லாவிட்டால் அது இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர். அப்பாவுக்குத் தினமும் வானொலி வேண்டும் என்பதால் உங்களுக்கு ரிசீவர்தான். நாட்டிலேயே முதன்முதலாக எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியது சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று. உங்கள் அப்பாவின் காது அந்த ஒலியோடு வளர்ந்த காது. கைபேசிச் செயலியில் வானொலி கேட்கலாமே என்று அவரிடம் சொல்லாதீர்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் பேச்சு வர வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில ரிசீவர்களில் எஃப்.எம். மட்டுமே இருக்கும். மத்திய அலையும் வேண்டுமென்றால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி ஹோம் தியேட்டர். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் வசதிகள் அதிகம்தான். ஆனால் நீங்கள் கொடுக்கும் அதே பணம் அங்கே ஐந்து ஆம்ப்ளிஃபயர்களுக்கும், படத்தைக் கடத்தும் சுற்றுகளுக்கும், ஒலி முறைகளைப் பிரித்தெடுக்கும் சில்லுகளுக்குமாகப் பங்கு போடப்படுகிறது. கூடவே வரும் ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள் ஐந்துமே ஒல்லியானவை. அப்பாவின் எல்.பி. தட்டில் இருப்பதோ இரண்டு சேனல் ஒலி, பலவற்றில் ஒன்றுதான். அதை ஐந்தாகப் பரப்பினால் பாடகர் அறை முழுவதும் சிதறிப்போவார். இதைவிடப் பெரிய தொல்லை, அந்தப் பெட்டிகளின் பல அமைப்புகளை மாற்றத் தொலைக்காட்சியைப் போட்டுத் திரையில் பட்டியல் பட்டியலாக இறங்க வேண்டும். பாட்டுக் கேட்க டிவி போட வேண்டிய நிலையை 74 வயதுக்காரருக்கு உண்டாக்காதீர்கள்.

வாட் கணக்குக்கு வருவோம். எத்தனை வாட் என்பதுதான் கடையில் முதல் பேச்சாக இருக்கும். எண்பது, தொண்ணூறுகளில் ஆடியோ செட்டுகளின் மேல் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட் அச்சடித்து விற்றார்கள், நினைவிருக்கும். கண்ணிமைக்கும் நேரம் தாங்கும் உச்சத்தை எப்படியோ கணக்கிட்டுப் போட்ட எண் அது. அதற்கு எந்தப் பொருளும் இல்லை. அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்ததால்தான் அங்கே 1974-இல் அரசின் வணிக ஆணையம் ஆம்ப்ளிஃபயர் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று விதி போட்டது. நீங்கள் பார்க்க வேண்டியது இந்த ஒரு வரி: இரண்டு சேனலும் ஒன்றாக இயங்கும்போது, 8 ஓம் சுமையில் (சுமை என்பது ஸ்பீக்கர்), ஒரு சேனலுக்குத் தொடர்ச்சியாக எத்தனை வாட்.

அது எத்தனை வேண்டும்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சாதாரண அலமாரி ஸ்பீக்கரின் உணர்திறன் 88 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம் (டெசிபல் என்பது ஒலியின் அளவைச் சொல்லும் எண்). அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல். அப்பா உட்காருமிடம் இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி. தொலைவில் கொஞ்சம் குறையும், இரண்டு ஸ்பீக்கர் என்பதால் கொஞ்சம் கூடும், சுவர்களும் திருப்பித் தரும். எல்லாம் போக 80-ஐ ஒட்டி நிற்கும். இது பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவு. அப்பா காலையில் கேட்கும் அளவுக்கு அந்த ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, 0.2 வாட், போதும். நம்பக் கடினமாக இருக்கும்; ஆனால் அதுதான் உண்மை.

அப்படியானால் 50 வாட், 100 வாட் எதற்கு? மிருதங்கத்தின் ஒரு அடிக்காக. தம்புரா ஒரே சீராக ஒலிக்கிறது. அதன்மேல் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் சாப்பு என்ற அடி ஒன்று விழும்போது அந்த நொடிக்கு மட்டும் ஒலி 20 டெசிபல் எகிறலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு சக்தி. 0.2 வாட் அந்தக் கணத்தில் 20 வாட் ஆகிறது. அது கொடுக்க முடியாத ஆம்ப்ளிஃபயரில் அடியின் முனை மழுங்கி, தோலில் கை பட்ட சத்தம் அட்டையில் பட்டதுபோலக் கேட்கும். ஆகவே உண்மையான 50 வாட் இருந்தால் உங்கள் ஹாலுக்கு நிறைவு. 50-க்கும் 100-க்கும் இடையே உள்ள வேறுபாடு 3 டெசிபல்தான். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவே. நூறு வாட் பெட்டி அதே விலையில் கிடைத்தால் வாங்குங்கள். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது முதுகுப் பக்கம். முதலில் டர்ன்டேபிள், ஏனென்றால் அதிகம் பேர் தவறுவது இங்கேதான்.

ரெக்கார்டின் பள்ளத்தில் ஓடும் ஊசி உண்டாக்கும் மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பங்கு. சி.டி. பிளேயர் கொடுப்பது இரண்டு வோல்ட் வரை. இரண்டுக்கும் இடையே பல நூறு மடங்கு இடைவெளி. அதோடு தட்டை வெட்டும்போதே கீழ்ச்சுரங்களைக் குறைத்து, மேல்சுரங்களைக் கூட்டி வெட்டுகிறார்கள். கீழ்ச்சுரத்தை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக அலைந்து பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும்; தட்டில் இடமும் போதாது. மேல்சுரத்தைக் கூட்டி வெட்டினால், திரும்பக் கேட்கும்போது அதைக் குறைக்கையில் ஊசியின் சரசரப்பும் சேர்ந்து அடங்கிவிடும். 1954 முதல் இதற்கென்று ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே அளவுகோல் இருக்கிறது. நம் நாட்டில் கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சான எச்.எம்.வி. எல்.பி.களுக்கும் அதுவே சரியான அளவுகோல். வெட்டும்போது செய்ததைத் தலைகீழாகச் செய்து, ஒலியையும் ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கும் சிறு சுற்றுக்குத்தான் ஃபோனோ என்று பெயர். ரிசீவரின் முதுகில் ஃபோனோ என்று எழுதிய துளைகளும், பக்கத்தில் எர்த் கம்பி முடுக்க ஒரு சிறு திருகும் இருந்தால் அந்தச் சுற்று உள்ளே இருக்கிறது என்று பொருள்.

ஃபோனோ இல்லாத துளையில் வெறும் டர்ன்டேபிளைச் செருகினால், பாட்டு எங்கோ பக்கத்துத் தெருவில் தகர டப்பாவுக்குள் ஒலிப்பதுபோலக் கேட்கும். ரெக்கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டுகளையே தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு இந்தக் கவலை பாதிதான். தங்கை வாங்கித் தந்த எல்.பி.60எக்ஸ்-இல் அந்தச் சுற்று உள்ளேயே இருக்கிறது. அதன் முதுகில் ஃபோனோ, லைன் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், பாருங்கள். லைனில் வைத்தால் எந்த ரிசீவரின் எந்தச் சாதாரணத் துளையிலும் செருகலாம். ரிசீவரில் ஃபோனோ துளை இருந்து அதில் செருகினால் சுவிட்சை ஃபோனோவில் வையுங்கள். லைனில் வைத்து ஃபோனோ துளையில் செருகிவிட்டால் ஒலி இரண்டு முறை பெருகி, கீழ்ச்சுரம் உறும, எல்லாம் கரகரவென்று உடைந்து வரும். பழுது என்று என்னிடம் தூக்கி வந்த டர்ன்டேபிள் ஒன்றை, அந்தச் சுவிட்சை நகத்தால் தள்ளிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஆனாலும் ஃபோனோ துளை உள்ள ரிசீவரையே எடுங்கள் என்பேன். எண்பது எல்.பி. வைத்திருப்பவர் இன்னும் சில ஆண்டுகளில் இதைவிட நல்ல டர்ன்டேபிளுக்குப் போகக்கூடும். அவற்றில் பல அந்தச் சுற்று இல்லாமல்தான் வருகின்றன.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். இன்றைய தொலைக்காட்சிகளில் பெரும்பாலும் ஆப்டிகல் என்ற ஒளி இழைத் துளை வழியாகவோ எச்.டி.எம்.ஐ. துளை வழியாகவோதான் ஒலி வெளியே வருகிறது. சிலவற்றில் ஹெட்ஃபோன் துளையும் உண்டு. மலிவான ஸ்டீரியோ ரிசீவர்கள் பலவற்றில் ஆப்டிகல் துளை கிடையாது. அப்போது ஆப்டிகலைச் சாதாரண சிவப்பு-வெள்ளைக் கம்பிக்கு மாற்றும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை இடையில் போடலாம். ஒன்றை மறக்காதீர்கள்: தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் போய் வெளியீட்டை பி.சி.எம். என்று மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது டால்பி வடிவத்தில் அனுப்பும். இந்தக் கருவிகளுக்கு அது புரியாமல் மௌனமாக இருக்கும், அல்லது கரகரக்கும்.

கைபேசிக்கு ப்ளூடூத் போதும். வைஃபை உள்ள நெட்வொர்க் ரிசீவர்கள் இருக்கின்றன, நல்ல பெட்டிகள்தான். என் தயக்கம் வேறு. ஆம்ப்ளிஃபயர் முப்பது ஆண்டு உழைக்கும். அதனுள் இருக்கும் இணையப் பகுதிக்கான செயலி ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகி, நிறுவனம் கைவிட்டால் அந்தப் பகுதி வீணாகிவிடும். அப்படிப் பாதி உயிரோடு நிற்கும் பெட்டிகளைப் பார்க்க மனசு கேட்பதில்லை. இணையத்துக்கு என்று தேவைப்பட்டால் தனியாக ஒரு சிறு கருவியை வெளியில் மாட்டுங்கள். பழசானால் அதை மட்டும் மாற்றலாம்.

மாதிரிகளின் பெயர் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிலுக்கு அர்த்தமில்லை. உங்கள் தேவைக்கு நான் நினைப்பவை இரண்டு. ஒன்று சோனி எஸ்.டி.ஆர்-டி.எச்.190. ஃபோனோ துளை இருக்கிறது, ப்ளூடூத் இருக்கிறது, முன்பக்கம் சின்ன ஹெட்ஃபோன் முனை வகைத் துளையும் உண்டு. மற்றது யமஹா ஆர்-எஸ்202. இதிலும் ப்ளூடூத் உண்டு. ஃபோனோ கிடையாது, ஆனால் உங்கள் டர்ன்டேபிளின் லைன் சுவிட்ச் அதை ஈடுகட்டும். இரண்டிலும் ஆப்டிகல் துளை இல்லை. இரண்டுமே உங்கள் ஹாலுக்கு வேண்டியதைவிட அதிக சக்தி உள்ளவை. நல்ல நிலையில், இந்திய உத்தரவாதத்தோடு கிடைத்தால் முதலாவதை எடுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டாவதில் குறை ஒன்றுமில்லை. டெனான் டி.ஆர்.ஏ-800எச், மாரன்ட்ஸ் என்.ஆர்.1200 போன்றவற்றில் தொலைக்காட்சிக்கு எச்.டி.எம்.ஐ. துளையே உண்டு, ஆனால் உங்கள் 60,000-இல் ஸ்பீக்கருக்கு ஒன்றும் மிஞ்சாது.

அண்ணன் விஷயம். அவருடைய அன்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவில் விற்கும் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டில் வருவது 230.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெரியவர் டர்க்கி டவலில் சுற்றிய பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார். மகன் கொண்டுவந்தது, பிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றார். பிளக் முனையை மாற்றும் ஐம்பது ரூபாய் அடாப்டரைப் போட்டுச் செருகியிருக்கிறார்கள். அது ஊசியின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. மூடியைக் கழற்றியபோது எரிந்த வார்னிஷ் வாசனை அடித்தது. டிரான்ஸ்ஃபார்மரின் மேல் சுற்றியிருந்த மஞ்சள் நாடா பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. முன்கண்ணாடியில் இன்னும் பாதுகாப்புப் பிளாஸ்டிக் உரிக்கப்படவில்லை. அந்த மாதிரிக்கான டிரான்ஸ்ஃபார்மர் இங்கே எங்கும் கிடைக்கவில்லை. அவர் ஒரு பாட்டுக்கூட அதில் கேட்கவில்லை.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாமே என்பீர்கள். ஓட்டலாம். ஆனால் என்றாவது ஒருநாள் வீடு துடைக்க வருபவரோ பேரனோ பிளக்கை நேராகச் சுவரில் செருகுவார். அந்த ஒரு நாள் போதும். வானொலியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் எஃப்.எம். நிலையங்கள் 88.1, 88.3 என்று ஒற்றைப்படைத் தசமத்தில்தான் இருக்கும். அதனால் அங்கே விற்கும் சில பெட்டிகளின் டியூனர் 0.2 ஆகத் தாவித் தாவிப் போகும். சென்னையின் 101.4 ரெயின்போவும் 106.4 ஹலோவும் இரட்டைப்படை. 101.3-லும் 101.5-லும் நின்று அப்பா திகைக்க வேண்டியிருக்கும். உத்தரவாதமும் இங்கே செல்லாது.

பெட்டி வந்ததும் எங்கே வைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நம் வீடுகளில் எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்துவிடுகிறார்கள். ஆம்ப்ளிஃபயர் வெப்பத்தை மேலே விட்டு உயிர் வாழ்கிறது. மேலே ஒரு சாண் இடம் திறந்திருக்க வேண்டும். மேலே குரோஷே விரிப்பு, அதன்மேல் பொம்மை, அதன்மேல் கடியாரம் எதுவும் கூடாது. அந்தக் காற்றுத் துளைகள் வழியாகப் பல்லி போகும் என்பதும் உண்மை. வெதுவெதுப்பான இடம், பூச்சியும் வரும். ஒரு பெட்டியில் டிரான்சிஸ்டரின் கால்களுக்குக் குறுக்கே காய்ந்து ஒட்டியிருந்த பல்லியை இடுக்கியால் எடுத்திருக்கிறேன். பக்கத்தில் இரண்டு வெள்ளை முட்டைகள் முழுதாக இருந்தன. அதற்காகத் துளைகளை மூட வேண்டாம். தரையோடு வைக்காமல், சுவரை ஒட்டாமல், திறந்த மேசையில் வைத்துத் தினமும் பயன்படுத்தினால் அநேகமாகப் போதும். மூன்று முனை உள்ள பிளக்காக இருந்தால் எர்த் உள்ள பாயிண்டிலேயே செருகுங்கள். வீட்டில் பழைய வகை ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த இணைப்பில் ரிசீவரை ஓட்டாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வண்டுபோல ரீங்கரிக்கும், சூடும் ஏறும்.

அப்பாவின் கைக்கு வருகிறேன். கடையில் அவரையே அழைத்துப் போய் வால்யூம் குமிழைத் திருப்பச் சொல்லுங்கள். விரல் வழுக்காமல் பிடிக்கிறதா, எந்தத் துளை தேர்வாகியிருக்கிறது என்பது கண்ணாடி போடாமல் தெரிகிறதா. வீட்டுக்கு வந்ததும் 101.4-ஐ முதல் எண்ணில் பதிந்து வையுங்கள். ரிமோட்டில் தேவைப்படாத பொத்தான்களின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். நாலைந்து பொத்தான்கள் மட்டும் மிஞ்சட்டும். பல ரிசீவர்களில் சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் தானே அணைந்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. அதை முதல் நாளே நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் பெட்டி ரிப்பேர் என்று மதியம் உங்களுக்கு அழைப்பு வரும். சில யமஹா மாதிரிகளில் லவுட்னஸ் என்று ஒரு குமிழ் இருக்கும். ஒலி குறைவாக இருக்கும்போது நம் காதுக்குக் கீழ்ச்சுரம் சரியாகக் கேட்காது. அந்தக் குமிழ் அதை ஈடு செய்கிறது. இரவில் அம்மா தூங்கும்போது மெதுவாக வைத்துக் கேட்பவருக்கு அது நல்ல துணை.

அறுபதாயிரத்தில் பாதிக்குக் குறையாமல், முடிந்தால் அதற்கு மேலும், ஸ்பீக்கருக்கு வையுங்கள். 6 அல்லது 8 ஓம், 87 டெசிபலுக்குக் குறையாத உணர்திறன், ஐந்து அல்லது ஆறரை அங்குல ஸ்பீக்கர் உள்ள அலமாரி வகை. வாங்கும்முன் அப்பாவுக்குப் பழக்கமான கச்சேரி ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். பாடகர் நிறுத்தும் இடங்களில் தம்புரா தொடர்ந்து காதில் நிற்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கம், பெட்டி அதிர்வதுபோலப் பொம்மென்று வீங்காமல், தோலில் விழுந்து அடங்க வேண்டும். கடையில் இருக்கும் அதிரடியான விளம்பரப் பாட்டைப் போட்டுக் காட்டினால் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும்.

உங்கள் ஹாலில் மொசைக் தரை, வெறுஞ்சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கை தட்டிப் பாருங்கள், டங்கென்று திரும்பி வரும். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே ஒரு ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டால், ஆயிரக்கணக்கில் செலவழித்தும் கிடைக்காத தெளிவு கிடைக்கும். இரண்டு ஸ்பீக்கர்களும் அப்பாவின் நாற்காலியும் ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணமாக அமையட்டும். ஏழெட்டு அடி இடைவெளி, காது உயரம், பின்சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி. கம்பிக்கு விலை உயர்ந்த பெயர்கள் வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி உங்கள் தூரத்துக்குத் தாராளம். முனைகளைச் சீவியதும் இழைகளை நன்றாக முறுக்குங்கள். ஒரு மயிரிழை பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயர் போய்விடக்கூடும். பெட்டி அணைந்திருக்கும்போது மட்டுமே கம்பியைத் தொட வேண்டும்.

மாட்டி முடித்ததும் வானொலிச் செய்தியை வையுங்கள். செய்தி வாசிப்பவர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத இடத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்க வேண்டும். குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தலையைச் சுற்றி மிதந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கிறது. மாற்றி மாட்டுங்கள், குரல் நடுவில் வந்து நிற்கும், காணாமல் போயிருந்த கீழ்ச்சுரமும் கூடவே வரும்.

பழைய செட்டு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1970-களின் மாரன்ட்ஸ், பயனியர் ரிசீவர்கள் அழகானவை, ஒலியும் அருமை. நம் நாட்டு காஸ்மிக், சோனோடைன் பெட்டிகளிலும் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டுகளில் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கும், சுவிட்சுகள் கடற்காற்றில் கறுத்திருக்கும். அழைத்தால் வரும் நம்பகமான மெக்கானிக் ஒருவர் உங்களுக்கு ரிச்சி தெருவில் இருந்தால் தவிர, அப்பாவின் ஒரே செட்டாக அதை வைக்காதீர்கள்.

அந்த ஏழெட்டுக் கனமான தட்டுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அவை அநேகமாக அரக்கில் செய்த 78 வேகத் தட்டுகள். எல்.பி.60எக்ஸ் 33, 45 ஆகிய இரண்டு வேகங்களில்தான் சுற்றும். வேகம் போகட்டும், அந்தத் தட்டின் பள்ளம் எல்.பி.யைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசி அதன் அடிமட்டத்தில் புழுதியில் உரசிக்கொண்டு ஓடும். அப்பா ஆசையில் போட்டுவிடாதபடி அவற்றைத் தனியாக, நிமிர்த்தி, அட்டை உறையில் வையுங்கள். கீழே விழுந்தால் அப்பளம்போல உடையும்.

எல்.பி. ஊசியும் தேயும் பொருள்தான். சில நூறு மணி நேரத்தில் மாற்ற வேண்டும், தேய்ந்த ஊசி தட்டையே அரிக்கும். அண்ணன் எதையாவது வாங்கி வந்தே ஆக வேண்டும் என்றால், அந்த டர்ன்டேபிளுக்கான ஏ.டி.என்.3600எல் ஊசி இரண்டு வாங்கி வரச் சொல்லுங்கள். சட்டைப் பையில் அடங்கும், வோல்ட் பார்க்க வேண்டியதில்லை, அப்பாவின் எண்பது தட்டுகளுக்கும் பல ஆண்டுகள் வரும்.